முதல் பெட்டியா, இரண்டாம் பெட்டியா?

“எங்க ஸ்டாண்ட் மேல இந்த மரப்பெட்டிய ஏத்தி வெச்சது யாரு?”

கடைக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாக ஏரியா மேனேஜர் கத்தினார். வாசலைப் பார்த்து நிற்கும் அந்த ஸ்டாண்ட், பெயரைச் சொன்னாலே ஜனங்கள் பர்ஸைத் திறக்கும் பெரிய கம்பெனியுடையது. நீல விளக்கு, கண்ணாடித் தட்டு, பல் தெரியச் சிரிக்கும் நடிகை படம் எல்லாம் அதில் உண்டு. அதன் மேல் இப்போது பெயரே இல்லாத ஒரு ஸ்பீக்கர் பெட்டி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“நான்தான் வெச்சேன். என் தங்கச்சி செஞ்சது,” என்றாள் கடைக்காரி.

தங்கைக்குப் பின்னறையில்தான் வேலை. பலகை அறுப்பதிலிருந்து ஒயர் பற்றவைப்பது வரை எல்லாம் அவள் கைதான். ஏழெட்டுக் கடை ஏறி இறங்கியும், ‘பேர் இல்லாத பெட்டிய யாரு வாங்குவா?’ என்ற ஒரே பதில்தான் அவளுக்குக் கிடைத்திருந்தது. அக்கா கடையை விட்டால் அந்தப் பெட்டியை வைக்க வேறு இடம் கிடையாது.

“எங்க பெட்டிய உள்ள தூக்கிப் போட்டுட்டு, வீட்டுல செஞ்சத முன்னாடி வெச்சிருக்கீங்க. நல்லா இருக்கும்மா உங்க நியாயம்!”

“சார், அது வந்து...” என்று பின்னறைத் திரையை விலக்கிக்கொண்டு தங்கை வந்தாள்.

“நீ சும்மா இருடி,” என்றாள் அக்கா.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். அது அவர் கத்தியதைவிட மோசமாக இருந்தது. “இன்னிக்கே இது கடைய விட்டு வெளிய போகணும். இல்லன்னா நாளையிலேருந்து எங்க டீவி, ஃபிரிட்ஜ் எதுவும் உங்களுக்கு வராது. போர்டையும் கழட்டிடுவோம்.”

தங்கையின் முகம் சுண்டிப் போயிற்று. “எடுத்துடறேன்க்கா. என்னால உன் கடைக்கு எதுக்கு வம்பு?”

அக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ராத்தூக்கம் கெட்டு இழைத்த பெட்டியை, அவளே கூனிக் குறுகி எடுக்க வேண்டுமா?

“எடு. ஆனா வெளிய இல்ல, திரைக்குப் பின்னாடி வை,” என்றவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். “அப்படி என்ன சார் இதுல குறை?”

“சத்தம்மா, சத்தம்! எங்க பெட்டியும் இதுவும் ஒண்ணாகுமா? இருபது வருஷமா இதே தொழில்ல இருக்கேன். கண்ணக் கட்டி விட்டாலும் எங்க பெட்டிய நான் சொல்லிடுவேன்.”

“அப்ப சொல்லிடுங்க. இவ உள்ளேருந்து ஒரே பாட்ட ரெண்டு தடவை போடுவா. எது உங்களோடதுன்னு சரியா சொல்லிட்டீங்கன்னா, என் தங்கச்சி பெட்டிய நானே தூக்கித் தெருவுல வெக்கறேன். தப்பா சொன்னா அது உங்க ஸ்டாண்ட் மேலயே இருக்கும். அப்புறம் நீங்க வாயத் திறக்கக் கூடாது.”

ஹெட்போன் வாங்க வந்திருந்த பாட்டு டீச்சர், வந்த வேலையை மறந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு வாடிக்கையாளர் பார்க்கும்போது பின்வாங்க மேனேஜருக்கு மனசு வரவில்லை.

“ஆகட்டும்,” என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிற போக்கில் தங்கை அக்காவின் காதில் ஏதோ முணுமுணுத்தாள்.

“சொன்னத மட்டும் செய், போ.”

பாட்டு ஒலித்தது. மேனேஜர் கண்ணை மூடித் தலையாட்டினார். “கேட்டீங்களா? டிரம்ஸ் நெஞ்சுலயே வந்து விழுது. பாடறவங்க மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது. இதுக்குப் பேருதாம்மா தரம்!”

பாட்டு முடிந்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது. மேனேஜர் முகத்தைச் சுளித்தார்.

“ஐயய்யோ, போதும், நிறுத்தச் சொல்லுங்க. தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பாடற மாதிரி இருக்கு. பலகை அதிர்றது இங்க வரைக்கும் தெரியுதே!”

“எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே,” என்றார் பாட்டு டீச்சர்.

“அதுக்கெல்லாம் பழகின காது வேணும்மா.”

அந்தக் காதை வைத்துத்தான் டீச்சர் இருபத்தெட்டு வருஷமாகப் பிழைக்கிறார்.

“எழுதிக் குடுத்துடுங்க சார்,” என்றாள் கடைக்காரி.

மேனேஜர் தன் விசிட்டிங் கார்டைத் திருப்பி, ‘முதலில் கேட்டது எங்கள் கம்பெனி. இரண்டாவது தகர டப்பா’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு டீச்சரிடம் நீட்டினார். திரைக்குப் பின்னால் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு விசும்புவதுபோல் ஒரு சத்தம் கேட்டது.

“அழுது என்னம்மா ஆகப் போகுது? தூக்கித் தெருவுல வைங்க அந்த டப்பாவ.”

“வெச்சுடலாம் சார். எதுன்னு நீங்களே காட்டுங்க,” என்று கடைக்காரி ஒரே இழுப்பில் திரையை விலக்கினாள்.

மேசை மேல் தங்கையின் மரப்பெட்டி மட்டும் இருந்தது. பக்கத்தில் தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

“எங்க கம்பெனிப் பெட்டி எங்கம்மா?”

கடைக்காரி டிராயரிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். “கரகரன்னு சத்தம் வருதுன்னு உங்க சர்வீஸ் சென்டர்ல குடுத்து நாப்பது நாள் ஆச்சு சார். வரும்போது அப்படியே கேட்டு வாங்கிட்டு வந்திருக்கலாமே?”