ஏழாம் அறை மாநாடு

உலகெங்கும் உள்ள உழைக்கும் மக்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ரஷ்யாவின் சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சியுடைய இடது, வலது அணிகள், ஒன்பது ஆண்டுப் பிளவுக்குப் பிறகு, ஒரே கூரையின் கீழ் கூட்டு மாநாடு கூட்டின.

கூரை சிறையினுடையது. வோல்கா கரையில், ஏழாம் அறை.

வலது அணி என்பது போர்ஃபிரி லூக்கிச். இடது அணி என்பது எவ்லாம்பி. அணிகள் அவ்வளவுதான்.

மூன்றாவது கட்டிலில் நிக்கனோர் என்ற குடியானவன் இருந்தான். தம்போவ் பக்கத்துக்காரன். திருட்டுச் சாராயம் காய்ச்சி உள்ளே வந்தவன். அவனுக்கு அணி கிடையாது.

பிளவுபட்ட நாளிலிருந்து இரண்டு தலைவர்களும் நேருக்கு நேர் பேசுவதில்லை. கையை நீட்டினால் ஒருவர் மூக்கில் மற்றவர் விரல் படும். ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

"நிக்கனோர், அந்தாளுகிட்டச் சொல்லு. ஜாருக்கே எந்திரிக்காத முட்டி இது. நேத்து வந்த ஜெயிலருக்கு எந்திரிக்காது" என்றார் போர்ஃபிரி.

"ஐயா, அவரு முட்டி எந்திரிக்காதாம்."

"எனக்கும் காது இருக்குன்னு சொல்லு."

"அவருக்கும் காது இருக்காம் ஐயா."

விஷயம் இதுதான். சிறைக்குப் புதிய தலைமைக் காவலர் வந்திருந்தார். அவர் உள்ளே வந்தால் கைதிகள் எழுந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு. நிற்காதவனுக்கு அடுப்பில்லாத நிலவறை.

அது ஜனவரி மாதம். சுவரில் பனி உறைந்திருந்தது. போர்ஃபிரிக்கு ஏற்கெனவே ஒரு நுரையீரல்தான் ஒழுங்காக வேலை செய்தது. நிலவறைக்குப் போனால் திரும்ப மாட்டார். அது அவருக்கும் தெரியும், எவ்லாம்பிக்கும் தெரியும்.

ஆனாலும் எழுந்து நிற்பதா?

ஒரு காலத்தில் நாட்டின் பாதிக் கிராமங்கள் இவர்கள் பெயரைச் சொல்லி ஓட்டுப் போட்டன. 'நிலம் உழுகிறவனுக்கே' என்று இவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்தத் திட்டத்தை, ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகள் அப்படியே எடுத்துத் தங்கள் கையெழுத்தைப் போட்டுக்கொண்டார்கள். போர்ஃபிரி மாண்புமிகு உறுப்பினராகப் போன அரசியல் நிர்ணய சபை ஒரே நாளில் மூடப்பட்டது. அவர் பேச வேண்டிய முறை மறுநாள்.

வயலும் போயிற்று, வாக்கும் போயிற்று. மிச்சம் இருந்தது இந்த முட்டி ஒன்றுதான். அதை மடக்கியே வைத்திருப்பது என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

எவ்லாம்பியும் அதே முடிவுதான். எனவே சண்டை தீர்மானத்தின் வாசகத்தில் வந்தது. 'எழ மறுக்கிறோம்' என்றது இடது அணி. 'அமர்ந்திருக்கிறோம்' என்றால் போதும், மறுப்பதெல்லாம் அராஜகவாதம் என்றது வலது அணி. இரண்டையும் நிக்கனோர் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் சுமந்து சுமந்து களைத்துப் போனான்.

கடைசியில் போர்ஃபிரிக்கு ஒன்று தோன்றியது. இருபத்தைந்து வருடம் குடியானவனுக்காகவே சிறைக்குப் போயிருக்கிறார். குடியானவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"நீ என்னப்பா செய்யப் போறே?"

"நான் எந்திரிச்சுருவேன் ஐயா. ரொட்டி கொண்டு வர்றவனுக்கே எந்திரிக்கிறவன். எனக்கென்ன போச்சு?"

குடியானவ வர்க்கத்தின் அரசியல் உணர்வு இன்னும் முதிரவில்லை என்றும், அதற்காக அதன் மீது கோபப்படலாகாது என்றும் மாநாடு ஏகமனதாகத் தீர்மானித்தது. கட்சியின் வரலாற்றிலேயே திருத்தம் எதுவும் வராமல் நிறைவேறிய தீர்மானம் அதுவாகத்தான் இருக்கும்.

சாவி திரும்பியது.

போர்ஃபிரி கட்டில் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். எதிரே எவ்லாம்பி கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். சொன்னபடியே நிக்கனோர் எழுந்தான்.

கதவு திறந்தது. புதிய தலைமைக் காவலர் ஓர் இளைஞர். புது பூட்ஸ், புது பெல்ட், இடுப்பில் துப்பாக்கி.

பாதி எழுந்திருந்த நிக்கனோர் அந்த முகத்தைப் பார்த்தான். பிறகு நிதானமாகத் திரும்ப உட்கார்ந்தான். உட்கார்ந்ததோடு நிற்காமல், கால் மேல் கால் போட்டு, கம்பளிப் பூட்ஸைக் கழற்றி, உள்ளே போயிருந்த வைக்கோலை உதறினான்.

காவலரின் காது சிவந்தது. கை தானாகத் தொப்பிக்குப் போயிற்று. பாதி வழியில் அதைப் பிடித்து நிறுத்திக் கீழே இறக்கினார்.



அவர் திரும்பினார். பின்னாலிருந்த சிப்பாயிடம், "இங்க எல்லாம் சரியா இருக்கு" என்றார். கதவு சாத்தப்பட்டது. பூட்ஸ் சத்தம் தேவைக்கு மேல் வேகமாக விலகிப் போயிற்று.

போர்ஃபிரியால் மூச்சு விட முடியவில்லை. இந்த முறை அதற்கு நுரையீரல் காரணமில்லை.

எவ்லாம்பி எழுந்து வந்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக நேராக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார். "தோழரே, பாத்தீங்களா? ஜனங்க நம்ம பக்கம் வந்துட்டாங்க!"

இரண்டு அணிகளும் கட்டிப்பிடித்து அழுதன. கட்சி ஒன்றானது. அடுத்த மாநாட்டுக்கு யார் தலைமை என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட விட்டுக்கொடுத்தார்கள்.

பிறகு போர்ஃபிரி நிக்கனோரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "சொல்லுப்பா. வரலாறு கேக்குது. எது உன்ன உக்கார வெச்சுது?"

நிக்கனோர் பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னான்.

"அவன் என் ஞானப்புள்ள ஐயா. ஞானஸ்நானத்தப்ப மாதா கோயில் தொட்டியில முக்கி எடுத்து, மூக்கச் சிந்திவிட்டு வளத்தவன் நானு. அவனுக்குப் போய் யாராச்சும் எந்திரிப்பாங்களா?"