அக்கா முகத்துக்கு மட்டும் திறக்கிற பாடம்

புத்தூரில் மாடியில் இருக்கும் அந்த நீட் பயிற்சிக் கம்பெனியின் கவுண்ட்டரில், பள்ளிப் புத்தகம் மாதிரி முதுகில் பிரவுன் அட்டை போட்ட டேப்லெட் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. உப்பிலியபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கும் காத்தமுத்து போட்ட அட்டை அது. மதுரைக்குப் படிக்கப் போய்விட்ட மூத்த மகள் யாழினியின் பெயரை லேபிளில் அடித்துவிட்டு, இளையவள் தேன்மொழியின் பெயரை எழுதியிருக்கிறார். அக்கா படித்து முடித்ததைத் தங்கை படிப்பதுதானே அவர் வீட்டு வழக்கம். தேன்மொழி அக்காவின் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அக்கா மாதிரியே தலையை ஒருபக்கம் சாய்த்து, டேப்லெட்டுக்கு முகத்தைக் காட்டுகிறாள். திரையின் வெள்ளை வெளிச்சத்தில் அவள் மூக்கு நுனி வியர்வை மினுங்குகிறது. வட்டம் ஒன்று சுழன்று, சிவந்து, நிற்கிறது. முகம் பொருந்தவில்லை.

"எத்தனை தடவை காட்டினாலும் திறக்காதுங்க," என்கிறாள் கவுண்ட்டர் பெண், தன் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "பாடம் யாழினிக்கு மட்டும்தான். தங்கச்சிக்குப் புதுசு வாங்கணும்."

"இதுவும் நாங்க வாங்கினதுதானுங்களே?" என்கிறார் காத்தமுத்து.

"டேப்தாங்க உங்களுது. பாடம் கம்பெனியோடது."

"சரிங்க, பாடம் வேணாம். டேப்புல வேற பாடத்தைப் போட்டுக்கறோம்."

"வேற எதுவும் அதுல ஓடாதுங்க. லாக் பண்ணியிருக்கு."

தேன்மொழி கண்ணாடியைக் கழற்றி உள்ளங்கையில் மூடிக்கொள்கிறாள். காத்தமுத்து ஒட்டிய மூலைகளை நகத்தால் நெம்பி, கிழியாமல் அட்டையை உரிக்கிறார். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டேப்லெட்டைக் கவுண்ட்டர் பெண் பக்கம் தள்ளுகிறார்.

"எங்களுதை எடுத்துக்கிட்டோம்மா. உங்களுதை நீங்க வச்சுக்குங்க."