மொட்டைமாடிக் குறி

“ஆறு சென்டிமீட்டர் குறையுதா? கண்ணை எங்க வச்சுக்கிட்டு அளந்தீங்கம்மா?” என்று எகிறினார் மேலதிகாரி.

சர்வேயரம்மா அளவுக் குறிப்பேட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அலுவலக மொட்டைமாடியில் பதித்திருக்கும் பித்தளைக் குறி கடல்மட்டத்திலிருந்து எத்தனை உயரம் என்பதை வைத்துத்தான் ஊரின் மற்ற உயரங்களுக்கெல்லாம் கணக்கு. போன வருஷம் மூன்று சென்டிமீட்டர் குறைத்து எழுதிய சர்வேயருக்கு மாற்றல் கொடுத்து, பிள்ளைகுட்டியோடு மூட்டை கட்ட வைத்தவர் இவர்தான். இந்த வருஷம் தன் முறையோ என்று நினைத்துக்கொண்டாள்.

“புது சாட்டிலைட் கருவி வந்திருக்கு. மயிரிழை பிசகாது. நானே அளந்து காட்டுறேன், வாங்க!”

அறைக்கதவு வழக்கம்போல மாட்டிக்கொண்டது. தோளால் இடித்துத் திறந்தார். “அந்தத் தச்சன் ஒரு தண்டம். மூணு தடவை சீவியும் தரையை உரசுது பாருங்க!”

மாடியில் குறியின் மேல் கருவியை நிறுத்தி, நான்கு மணி நேரம் வெயிலில் காத்திருந்தார்கள். திரையில் எண் வந்தது. ஆறு புள்ளி இரண்டு குறைவு.

லேசில் ஒப்புக்கொள்கிற ஆளா அவர்? திரும்ப அளந்தார். அதே எண்.

“என்னம்மா, இதுவும் தப்பாவே காட்டுது?”

“தப்பில்ல சார். போன வருஷம் அந்த சர்வேயர் அளந்ததும் சரிதான். கட்டடம்தான் கீழ இறங்கிட்டிருக்கு.”

அவர் குரல் உள்ளே போய்விட்டது. “நம்ம ஆபீஸ் மட்டும்தானே?”

அவள் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, நம்ம வீட்டு வாசக்கதவு தரையை உரசுது. உங்க ஆபீஸ் தச்சனைக் கொஞ்சம் அனுப்புங்களேன்.”