வெறும் ஓட்டைகள்

கண்ணாடித் துண்டை மாற்றி வைத்துவிட்டோமோ என்று எடுத்துப் பார்த்தாள்.

இல்லை. ஓரத்தில் அவள் கையெழுத்தேதான். 'நோயற்றவர். எண் ஒன்று.'

மறுபடியும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

அட கடவுளே.

வெள்ளணு ஒவ்வொன்றிலும் சிவப்புச் சிவப்பாகக் கொழுப்புத் துளிகள். உடம்பில் எங்கோ அழற்சி மூண்டால்தான் வெள்ளணு இப்படிக் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். அந்தத் துளிக்குள்தான் அழற்சிக்கு வேண்டிய சரக்கே தயாராகும்.

எட்டு மாதமாக இதே ரத்தத்தின் வெள்ளணுக்களில் அவள் பார்த்தது வெறும் ஓட்டைகள். நோயாளிகளிடமும் ஓட்டை, நோயற்றவரிடமும் ஓட்டை. அப்படியானால் ஓட்டைக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று அறிக்கையில் எழுதியும் கொடுத்துவிட்டாள்.

ஓட்டையாம் ஓட்டை!

வழக்கம்போல முதலில் ஆல்கஹாலில் போட்டால் கொழுப்பு கரைந்துவிடும், அது இருந்த இடம் ஓட்டையாகத் தெரியும். இன்றுதான் ஆல்கஹாலைத் தொடாமல் சாயம் ஏற்றினாள்.

எட்டு மாதமும் கழுவிக் கழுவி ஊற்றியிருக்கிறாள், பாவி.

எண் ஒன்று, தங்கப்பழம் அண்ணன். இந்த ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறவர்.

நோயாளிகளோடு ஒப்பிட நோயற்ற ரத்தம் வேண்டுமென்றால் உள்ளே வேலை பார்க்கிற ஒருவர் கையை நீட்டுவார். அதுதான் இங்கே வழக்கம். முதல் நாள் "நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டாள். "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். படிவத்தில் டிக் அடித்தாள். அவ்வளவுதான் பரிசோதனை.

இரண்டு மாதமாக ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். புது மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டீர்களே என்று எல்லோரும் கிண்டல் செய்தார்கள். அவளும்தான்.

பழைய படிவத்தைத் தேடி எடுத்து அந்த டிக்கைப் பார்த்தாள்.

"என்னம்மா, மொகம் இப்படி வெளிறிக் கெடக்கு?"

பின்னால் தங்கப்பழம். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எப்போதும் போல ஆசையாக நுண்ணோக்கியில் குனிந்தார். அவள் தடுப்பதற்குள் பார்த்துவிட்டார்.

"ஏயப்பா, என்ன செவப்பு! நல்லதாம்மா இது, கெட்டதா?"

"நல்லதில்லண்ணே."

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றார். கண்ணை எடுக்கவே இல்லை. "அந்த ஆளுகிட்டச் சீக்கிரம் சொல்லிருங்கம்மா."

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கண்ணே."