ஒரு லட்சத்து நாலாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது

"இன்னிக்கு ராஜினாமாவை அனுப்பிட்டுதான் மறுவேலை!"

அச்சகத்திலிருந்து வந்தவர் செருப்பை மூலைக்கொன்றாக உதறினார். பதினோரு வருடமாக அவர் காத்திருந்த மேலாளர் நாற்காலியில் முதலாளி தன் மருமகனை உட்கார வைத்துவிட்டார். கைப்பேசியில் கடிதம் தயார். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"தாராளமா அனுப்புங்க," என்றாள் கணக்கு டீச்சரான மனைவி. "அதுக்கு முன்னாடி ஒரு உதவி. வினாத்தாளுக்கு வேணும். 104729 எந்த எண்ணால வகுபடும்னு பாருங்க."

"கால்குலேட்டர் எங்கே?"

"பிள்ளைங்க கையாலதானே போடுவாங்க? நீங்களும் அப்படியே போடுங்க."

மூன்றால் போகவில்லை. ஏழில் இரண்டு மிஞ்சியது. பதின்மூன்றில் ஒன்றே ஒன்று மிஞ்சிக் கழுத்தை அறுத்தது.

"என்ன எண்ணுடி இது? எங்க முதலாளி மாதிரி எதுக்கும் மசிய மாட்டேங்குது!"

"விடாதீங்க, அடுத்ததுல போயிடும்."

ஒன்றரை மணி நேரத்தில் நாலு தாள் நிறைந்தது. பென்சிலை வீசினார்.

"முந்நூற்றுப் பதினேழு வரைக்கும் பாத்தாச்சு, அதுக்கு மேல பாக்கத் தேவையில்ல. ஒன்னையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது. இது பகா எண்!"

"தெரியுமே. சரி, லெட்டரை அனுப்பலையா?"

அவர் கடிதத்தைப் படித்தார். மூன்று இடத்தில் 'முட்டாள்' என்று இருந்தது. கடிதத்தையே அழித்தார்.

"காலையில நேர்லயே பேசிப் பாக்கறேன்... தெரிஞ்சே ஏன்டி கொடுத்தே?"

"போன தடவை 7919 கொடுத்தேன், அரை மணியில ஆறிட்டீங்க. இது மருமகன் விவகாரமாச்சே, அதான் கொஞ்சம் பெரிசா எடுத்தேன்."