கீழ்த்தள அறை

"கீழ்த்தள ரூம்தான் வேணும் மேடம். மூணாவது மாடி சரிப்படாது. லிஃப்டும் இல்ல" என்றாள் சக்கர நாற்காலியில் இருந்த அம்மா.

பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியின் வார்டன், நாற்காலியைத் தள்ளிவந்த மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"மான்குட்டி மாதிரி இருக்கா. மூணு மாடியும் ஓடியே ஏறிடுவா."

"அவ ஏறுவா. நான் எப்படி ஏறுறது?"

"நீங்க எதுக்கும்மா ஏறணும்? பாக்க வந்தா விசிட்டர் ஹால்ல உக்காருங்க, பொண்ணு இறங்கி வருவா. சாய்தளம், அகலமான கதவு, கைப்பிடி வெச்ச பாத்ரூம்னு இருக்கிறது அந்த ஒரு ரூம்தான். அதை உங்களுக்குக் குடுத்துட்டா, நடக்க முடியாத ஸ்டூடண்ட் வந்து கேக்கும்போது நான் எங்க போவேன்?"

மகள் குறுக்கிட்டாள்.

"மேடம், நான் இன்னும் ஸ்கூல்லதான் படிக்கிறேன். சும்மா கொண்டுவந்து விட வந்தேன். இங்க லா சேர்ந்திருக்கிறது அம்மா."

வார்டன் அசடு வழிந்தபடி கீழ்த்தளச் சாவியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நேரத்துக்குச் சாப்பிடும்மா. தினமும் போன் பண்ணு."

"பண்றேன், பண்றேன். மொதல்ல நீ கிளம்பு" என்று கிசுகிசுத்தாள் அம்மா. "கூடப் படிக்கிற பொண்ணுங்க பாக்குறாங்க. மானம் போகுது."