உதிரிப்பூ

ஆபரேஷன் தையல் ஆறாத பொன்னரசியால் படியேற முடியாது. அவளுடைய பால் மட்டும் மாடிக்குப் போய்வந்தது. அங்கேதான் குறைமாதத்தில் பிறந்த மகன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். "மருந்து பாதி, ஒன் பாலு பாதி. நிறுத்திராதம்மா" என்று நர்ஸ் சொன்னதிலிருந்து அவள் பால் எடுக்கும் கைப்பம்பைக் கீழே வைப்பதே இல்லை. அழுத்த அழுத்த முதலில் வலிதான் வரும், பிறகுதான் சொட்டுச் சொட்டாகப் பால். புட்டி நிரம்பியதும் கணவன் தங்கதுரை வாங்கிக்கொண்டு ஓடுவான். இன்று காலையில் எடுத்துப்போனவன் இன்னும் இறங்கி வரவில்லை. அடுத்த புட்டியும் நிரம்பித் தலையணையோரம் காத்திருந்தது.

பக்கத்துக் கட்டில்காரிக்குக் குழந்தை தங்கவில்லை. பால் வற்றட்டும் என்று நேற்று அவள் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார்கள். அந்த வாடிய வாசனை இன்னும் அறையை விட்டுப் போகவில்லை. இப்போது அதையும் மீறிக்கொண்டு புதுப்பூ வாசனை வந்தது.

பொன்னரசி நிமிர்ந்தாள். வாசலில் மாமியார் நின்றாள். கையில் ஈரம் சொட்டும் வாழையிலைப் பொட்டலம்.

"என்னத்தே அது?"

"பூவுதாம்மா." மாமியார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தலைக்கு வைக்கலாம்னுட்டு..."

பொட்டலம் ஒரு பக்கம் பிரிந்திருந்தது. உள்ளே மல்லிகை, தொடுக்காமல், உதிரியாக.

மாமியார் மெல்லக் கட்டிலோரம் வந்து, பம்பை வாங்கக் கைநீட்டினாள். பொன்னரசி அதை மறுமார்புக்கு மாற்றி அழுத்தத் தொடங்கினாள்.

"இந்தப் பக்கம் இன்னும் இருக்கு அத்தே. அவுகள வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."